அச்சகத்தில் வெட்டிய ஓரமா, பின்னால் வெட்டிய ஓரமா? பழைய சேகரிப்பு அட்டைகளில் திருத்தங்களைக் கண்டறிதல்

மஞ்சள்தாள்:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1954ஆம் ஆண்டு வெளியிட்ட பேஸ்பால் வரிசையைச் சேர்ந்த, பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் அட்டை என்னிடம் விலைக்கு வந்திருக்கிறது. இதுவரை எந்தத் தரமதிப்பீட்டு நிறுவனமும் அதை மதிப்பிட்டு, தரம் எழுதிய மூடிய பிளாஸ்டிக் உறையிலிடவில்லை. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற நிபந்தனையுடன் விற்பவர் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்.

நான்கு மூலைகளும் மிகக் கூர்மையாக இருக்கின்றன. முன்பக்கத்தின் பளபளப்போ நடுப்பகுதியில் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. பின்பக்கம் சீராகப் பழுப்பேறியிருக்கிறது. வலது ஓரத்தின் வெட்டுமுகம் மட்டும் மற்ற மூன்றையும்விட வெளுப்பாகத் தெரிகிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் அளவு ஏறத்தாழச் சரியாகவே இருக்கிறது. ஓரம் வெட்டப்பட்ட அட்டையா இது என்று எப்படி உறுதி செய்வது? இதோடு, நிறம் பூசுதல், மடிப்பை அழுத்தி நீக்குதல், மூலையைப் புதிதாகக் கட்டுதல் போன்ற மற்றத் திருத்தங்களை எந்த வரிசையில் சோதிப்பது என்றும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அச்சுமனை:

நீங்கள் எழுதியவற்றுள் முதன்மையானது அளவு அன்று. தேய்ந்த முகப்பும் கூர்மையான மூலையும் ஒரே அட்டையில் சேர்ந்திருப்பதுதான் என் கவனத்தை இழுத்தது. கைகளில் புழங்கிய அட்டையில் முதலில் அடிபடுவது மூலை. அதன் பிறகே ஓரமும் முகப்பும் தேயும். முகப்பு தேய்ந்து மூலை மட்டும் புதிதுபோல நின்றால், அந்த மூலை முகப்பைவிட வயதில் இளையது என்ற ஐயம் இயல்பாக எழ வேண்டும்.

அடுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். இந்த அட்டைகள் பெரிய தாள்களாக அச்சிடப்பட்டு, அடுக்கடுக்காக வைத்து இயந்திரக் கத்தியால் வெட்டப்பட்டவை. அத்தகைய வெட்டில் நார்கள் ஒரு பக்கமாகச் சற்றே அமுங்கியிருக்கும். கத்தியின் கூர் மழுங்கிய நாளில் வெட்டியதாக இருந்தால் ஓரத்தில் நுண்ணிய பிசிறுகளும் இருக்கும். அந்த முகம் அறுபது எழுபது ஆண்டுகள் காற்றுபட்டு, தூசு படிந்து, அட்டையின் மற்றப் பகுதிகளோடு சேர்ந்து நிறம் மாறியிருக்க வேண்டும். கைக்கத்தியாலோ சிறு வெட்டுப்பலகையாலோ பின்னால் வெட்டியவர் கூர்மையான அலகைப் பயன்படுத்தியிருப்பார். அந்த முகம் வழவழப்பாகவும், பிசிறின்றியும், உள்தாளின் வெளுப்பைக் காட்டியும் நிற்கும்.

அட்டையைக் கிடையாகப் பிடித்து, ஓரம் உங்கள் கண்ணை நோக்கியிருக்க, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸின் வழியே நான்கு ஓரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகத் தோன்ற வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் கேள்வி அந்த ஓரத்தைப் பற்றியதே.

இன்னொன்று: அதே ஆண்டு, அதே வரிசையில், யாரும் விரும்பித் தேடாத ஆட்டக்காரர்களின் மலிவான அட்டைகள் சிலவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை வெட்டி யாருக்கும் ஆதாயம் இல்லை என்பதால், அந்த ஆண்டின் தாளும் மையும் வெட்டும் எப்படியிருந்தன என்பதற்கு அவையே நம்பத்தக்க சாட்சிகள். எந்தக் கருவியையும்விட இந்த ஒப்பீடு எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

அளவுகோல்:

அளவைப் பற்றி நண்பர் ஒரே வரியில் கடந்துவிட்டார். அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் தரலாம் என்று நினைக்கிறேன்.

டாப்ஸ் நிறுவனம் 1957ஆம் ஆண்டில்தான் இன்று பொது அளவாக இருக்கும் 2½ அங்குல அகலம், 3½ அங்குல உயரம் என்பதற்கு மாறியது. 1952 முதல் 1956 வரையிலான அட்டைகள் 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டவை. மில்லிமீட்டரில் ஏறத்தாழ 66.7, 95.3. பிற்கால அளவுக்குச் செய்த உறைகளிலும் தாள்களிலும் நுழைய வேண்டும் என்பதற்காகவே முன்னாள் உடைமையாளர்கள் பெரிய அட்டைகளை வெட்டியதும் உண்டு. அவற்றில் ஏமாற்றும் நோக்கம் இல்லை. ஆனால் வெட்டு வெட்டுதான்.

ஆகவே அளவுகோலை விட்டுவிட்டு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் டிஜிட்டல் வெர்னியர் கருவியால், அட்டையை அழுத்தாமல் அளந்து பாருங்கள். ஒவ்வொரு திசையிலும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் எடுத்த எண்களை ஒப்பிட வேண்டும். கையால் வெட்டிய ஓரம் பெரும்பாலும் ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் தாளை எடுத்திருக்கும். நடுவில் உள்வாங்கி மூலையில் வெளியே நீண்டு, கொக்கிபோலத் தோன்றும் ஓரத்தையும் காணலாம். கத்தி நேர்கோட்டில் ஓடாததன் தடம் அது.

மஞ்சள்தாள்:

இருவருக்கும் நன்றி. கருவியால் அளந்தேன். உயரம் மூன்று இடங்களிலும் ஒன்றாக இருக்கிறது. அகலம் மேலே 66.3, நடுவில் 66.1, கீழே 66.0 மில்லிமீட்டர். லென்ஸில் பார்த்தபோது மேல், கீழ், இடது ஓரங்களில் நார்கள் ஒரே விதமாக மங்கியிருந்தன. வலது ஓரம் வழுவழுப்பாக இருந்தது. இது போதுமா? தொழிற்சாலையிலேயே சிறிதாக வெட்டப்பட்ட அட்டைகளும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஐயவாதி:

உண்டு. இதனால்தான் ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று நான் வாதிட்டு வருகிறேன். அடுக்கு சற்று நகர்ந்தால் அட்டை சிறிதாகவோ, பெரிதாகவோ, சாய்சதுரமாகவோ வெளிவரும். சாய்ந்து வெட்டப்பட்ட அட்டையில் எதிரெதிர் ஓரங்கள் தமக்குள் இணையாகவே இருக்கும்; அச்சிட்ட சட்டகத்தோடுதான் அவை கோணல் காட்டும். கையால் வெட்டியதில் பெரும்பாலும் எதிரெதிர் ஓரங்களே இணையாக இருப்பதில்லை. உங்கள் அளவில் அகலம் மேலிருந்து கீழாகச் சீராகக் குறைவது இரண்டாம் வகையை நோக்கிச் சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அதை மட்டும் சான்றாகக் கொள்ள மாட்டேன்.

எதிர்த்திசையில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். அளவு சரியாக இருப்பதாலேயே அட்டை வெட்டப்படாதது என்று ஆகிவிடாது. தொழிற்சாலையில் சற்றுப் பெரிதாக வெட்டப்பட்டு வந்த அட்டையைத் தேடிப் பிடித்து, தேய்ந்த ஓரத்தை மட்டும் மயிரிழை அளவு சீவி, சரியான அளவுக்கே கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். ஈரப்பதம் ஏற்றி அழுத்தித் தாளைச் சற்று விரியச் செய்து, அதன் பிறகு வெட்டுவோரும் உண்டு. இவர்களிடம் வெர்னியர் கருவி தோற்றுவிடும்.

வரிசைக்கு வரிசை வெட்டும் மாறும். கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனத்தின் பழைய ஹாக்கி அட்டைகள் கம்பியால் வெட்டப்பட்டவை. அவற்றின் ஓரம் கிழித்ததுபோலச் சொரசொரப்பாக இருப்பதே இயல்பு. 1979-80 வரிசையில் வந்த, புகழ்பெற்ற ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் முதலாண்டு அட்டை அப்படி நான்கு பக்கமும் பிசிறோடு இருந்தால் பதற்றம் வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி வெட்டியதுபோல இருந்தால்தான் உற்றுப் பார்க்க வேண்டும். டாப்ஸ் அட்டையில் குற்றமாகத் தோன்றுவது ஓ-பீ-சீ அட்டையில் நற்சான்றாகிவிடுகிறது.

பழையசான்று:

ஓரம் வெட்டுதலைப் பற்றிப் பேசும்போது டி206 வரிசையில் வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டையைக் குறிப்பிடாமல் போனால் இந்த உரையாடல் இழை முழுமை பெறாது. அமெரிக்கப் புகையிலை நிறுவனம் 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்து வெளியிட்ட வரிசை அது. அதில் மிகப் புகழ்பெற்ற ஒரு பிரதியை 1985இல் பில் மாஸ்ட்ரோ என்பவர் 25,000 டாலருக்கு வாங்கினார். 1991இல் சதபீஸ் ஏலத்தில் வெய்ன் கிரெட்ஸ்கியும் ஹாக்கி அணி உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு அதை எடுத்தார்கள். அப்போது புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த பி.எஸ்.ஏ. என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் முதன்முதலாக மதிப்பிட்ட அட்டையும் அதுவே. பத்துக்கு எட்டு என்ற தரம் கிடைத்தது. 2007இல் 28 இலட்சம் டாலருக்குக் கைமாறியது.

அந்த அட்டையின் ஓரங்கள் வயதுக்குப் பொருந்தாத நேர்த்தியோடு இருக்கின்றன என்று சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகவே முணுமுணுத்துவந்தார்கள். கடைசியில், ஏல மோசடி வழக்கில் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஸ்ட்ரோ, அட்டையின் ஓரங்களைத் தாமே வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எண்ணிட்ட உறையைக் கண்டதும் நம் கண் ஓய்வெடுக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த அட்டையை ஐயுற்றவர்களின் கையில் இருந்தது படமும், அதே வரிசையின் மற்ற அட்டைகளைப் பார்த்துப் பழகிய கண்ணும் மட்டுமே. உறையின் மேல் எழுதியிருப்பது ஒருவர் ஒரு நாளில் கொண்ட கருத்து.

மைத்துளி:

நிறம் பூசுதலைப் பற்றி யாரும் எழுதவில்லை; நான் தொடங்குகிறேன்.

இழையைத் தொடங்கியவரின் 1954 டாப்ஸ் அட்டைக்கே இது பொருந்தும். அந்த வரிசையின் முகப்பில் மூன்று பக்கங்களில்தான் வெள்ளைக் கரை இருக்கிறது. மேல்பக்கம் பின்புல நிறம் ஓரம் வரை ஓடுகிறது. ஆகவே மேல் ஓரத்தில் சிறு தேய்வு ஏற்பட்டாலும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அதை மறைக்க வேண்டும் என்ற ஆசையும் அங்கேதான் பிறக்கும். 1971 டாப்ஸ் வரிசை இன்னும் மோசம். நான்கு பக்கமும் கறுப்புக் கரை என்பதால், தொட்டாலே உதிரும் அந்தக் கரையை மார்க்கர் பேனாவால் தொட்டுவிடுவது மிக எளிதான, மிகப் பரவலான திருத்தம். அந்த ஆண்டின் அட்டை மாசுமருவற்ற கறுப்போடு வந்தால் நான் மகிழ்வதற்கு முன் லென்ஸை எடுப்பேன்.

லென்ஸில் பார்க்க வேண்டியது இது. அச்சிட்ட படத்தின் நிறம் நுண்புள்ளிகளின் கூட்டம். புள்ளிகள் ஒழுங்கான கோணத்தில் அணிவகுத்து நிற்கும். கையால் பூசிய நிறத்தில் புள்ளி இல்லை. ஒரே படலமாகப் பரவியிருக்கும். புள்ளி அணிவகுப்பு ஓரிடத்தில் திடீரென நின்று, சில மில்லிமீட்டர் தாண்டி மறுபடி தொடர்ந்தால் இடைப்பட்ட பகுதி பிறர் கைவேலை. கறுப்புக் கரைபோலப் புள்ளிகளின்றி ஒரே மைப்படலமாக அச்சிட்ட இடங்களில் புள்ளிச் சோதனை உதவாது. அங்கே அட்டையைச் சாய்த்து ஒளியின் பிரதிபலிப்பைப் பாருங்கள்: அச்சு மையும் மார்க்கர் மையும் ஒரே அளவில் மின்னுவதில்லை. பேனா மை வெட்டுமுகத்தின் நார்களுக்குள்ளும் கசிந்திருக்கும். கறுப்புக் கரையுள்ள அட்டையை ஓரமாகப் பார்க்கும்போது நடுத்தாளிலும் கறுப்பு தெரிந்தால் வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஊதாவிளக்கு:

நிறம் பூசுதலுக்கு நான் முதலில் எடுப்பது புறஊதா விளக்கு. 365 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது சிறந்தது. ஊதா வெளிச்சத்தை அதிகம் கக்கும் மலிவான விளக்குகள் கண்ணை ஏமாற்றும். (விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம், சிறுவர்கள் கையில் கொடுக்கவும் வேண்டாம்.) இருட்டறையில் அட்டையின் மேல் ஒளியைச் சாய்வாக விழச் செய்தால், பின்னால் சேர்த்த மை, பசை, சில துப்புரவு வேதிப்பொருள்களின் எச்சம் ஆகியவை சுற்றியுள்ள பகுதியிலிருந்து வேறுபட்டு மிளிரும், அல்லது கருந்திட்டாகத் தெரியும்.

தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, ஏறத்தாழ 1950ஐ ஒட்டித்தான் தாள் தொழிலில் பரவின. அதனால் டி206 போன்ற போருக்கு முந்தைய அட்டை நீலவெண்மையாகப் பளீரென ஒளிர்ந்தால், தாளே பிற்காலத்தது என்று கொள்ளலாம். மூலை மட்டும் ஒளிர்ந்தால் அந்த மூலை பிற்காலத் தாளால் கட்டப்பட்டது. 1954 அட்டையில் இந்த வாதத்தை அப்படியே பொருத்தக்கூடாது. மாறுதல் நடந்துகொண்டிருந்த காலம் அது. மேலே நண்பர் சொன்னபடி, அதே ஆண்டின் மலிவு அட்டையைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே விதமாக ஒளிர்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

ஒளிரவில்லை என்பது நற்சான்று ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலத்துக்கு ஏற்ற தாளைத் தேடி எடுத்து வேலை செய்பவனும் இதே விளக்கைத்தான் வைத்திருப்பான்.

நார்த்தாள்:

மூலை கட்டுதலும் மடிப்பு நீக்குதலும் என் பங்கு.

மூலை கட்டுபவர், மதிப்பில்லாத அதே வரிசை அட்டையிலிருந்து தாளைச் சுரண்டிக் கூழாக்கியோ, சிறு துண்டாக வெட்டி ஒட்டியோ, இழந்த மூலையை நிரப்புவார். அதன் மேல் நிறம் தீட்டுவார். மேலிருந்து பார்த்தால் நல்ல வேலை தப்பிவிடும். அட்டைக்குப் பின்னால் வெளிச்சத்தை வைத்துப் பார்த்தால் இணைப்பு தெரிய வாய்ப்புண்டு, ஏனெனில் சேர்த்த பகுதியின் நாரடர்த்தி மூலத்தோடு ஒத்திருப்பது அரிது. தடிமனையும் அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை தடிமன் மாறினால், அல்லது விரலால் மிக மென்மையாகத் தொடும்போது ஒரு மூலை மட்டும் விறைப்பாக இருந்தால், அது பசையின் வேலையாக இருக்கலாம்.

மடிப்பு விஷயத்தில் எனக்குப் பிடித்த கருவி விலையற்றது: இருட்டறை, ஒரு சிறு டார்ச், அட்டையின் பரப்போடு ஒட்டினாற்போல மிகத் தாழ்வான கோணத்தில் வீசும் ஒளி. கரண்டியின் முதுகால் தேய்த்து அமுக்கிய மடிப்பின் மேடு மறைந்திருக்கும். ஆனால் மேற்பூச்சு அங்கே உடைந்தது உடைந்ததுதான். அந்தக் கோடு தாழ்ந்த ஒளியில் நிழலாகவோ, பளபளப்பு அறுபட்ட இழையாகவோ வெளிப்படும். தேய்த்த இடத்தைச் சுற்றி மட்டும் பரப்பு மிகையாக மின்னுவதும் உண்டு. ஈரமேற்றி அழுத்தி நீக்கிய மடிப்பு, காற்றின் ஈரப்பதம் மாறும்போது சில காலம் கழித்துத் திரும்பி வருவதும் உண்டு. உறைக்குள் போகும்போது இல்லாத மடிப்பு உறைக்குள்ளேயே முளைத்ததாகச் சேகரிப்பாளர்கள் புலம்புவதற்கு அதுவே காரணம்.

மஞ்சள்தாள்:

தாழ்ந்த ஒளியில் பார்த்தேன். மடிப்பு ஏதும் இல்லை. பின்பக்கத்தில், கீழ் ஓரத்துக்குச் சற்று மேலே, ஒட்டியிருந்த எதையோ நீக்கியதுபோல மங்கலான ஒரு வட்டம் தெரிகிறது. புறஊதா விளக்கில் அந்த வட்டம் மட்டும் லேசாக மிளிர்கிறது. மேல் ஓரத்தின் நிறத்தில் புள்ளிகள் தடையின்றித் தொடர்கின்றன. ஆல்பத்தில் ஒட்டியிருந்த அட்டையை நீரில் ஊறவைத்து எடுத்தார்களோ? அப்படியானால் அதுவும் திருத்தமாகக் கருதப்படுமா?

ஐயவாதி:

என் பார்வையில், கருதப்பட வேண்டும். நீரில் ஊறிய தாள் வீங்கி, நார்கள் இடம்மாறி, உலரும்போது வேறு நிலையில் அமர்கிறது. பரப்பின் பளபளப்பும் பழைய நிலைக்கு வருவதில்லை. அட்டை முன்பிருந்த நிலையிலிருந்து மாற்றப்பட்டுவிட்டது; மாற்றியவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும்.

அச்சுமனை:

இங்கே நான் வேறுபடுகிறேன். பழைய சிகரெட் அட்டைகளிலும் மிட்டாய் அட்டைகளிலும் பெரும்பகுதி குழந்தைகள் ஆல்பத்தில் ஒட்டிவைத்தவை. அவற்றைத் தூய நீரில் ஊறவைத்துப் பிரிப்பதைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறார்கள். அங்கே நீக்கப்படுவது அட்டைக்கு உரியதல்லாத பசையும் தாளும். சூயிங்கம் பொதிகளின் மெழுகுக் கறையை நைலான் துணியால் மெல்லத் துடைப்பதும் அப்படியே. வெளுப்புக் கரைசலால் கறையைப் போக்கினால், அல்லது அழிப்பான் இயந்திரத்தால் பரப்பைச் சுரண்டினால் அட்டையின் சொந்தத் தாளே பாதிக்கப்படுகிறது. அதை நான் ஏற்கவில்லை. சேர்ந்த அழுக்கை எடுப்பதற்கும் உள்ள தாளை மாற்றுவதற்கும் இடையே கோடு போட முடியும் என்பது என் கருத்து.

ஐயவாதி:

கோடு போடலாம், அதை யார் காக்கப்போகிறார்கள்? வெறும் நீரில் ஊறவைத்தேன் என்று சொல்பவர் நீரில் என்ன கலந்தார் என்பதை விளக்கோ லென்ஸோ எப்போதும் சொல்லிவிடாது. நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பணிபுரியும் தாள் பாதுகாப்பு வல்லுநர்களும் கழுவுகிறார்கள், கிழிசலை ஒட்டுகிறார்கள், இழந்த மூலையை நிரப்பவும் செய்கிறார்கள். ஆனால் செய்த ஒவ்வொன்றையும் எழுதிவைப்பது அவர்களின் தொழில்நெறி; கூடுமானவரை மீட்டெடுக்கத்தக்க முறையில் செய்வதும் அப்படியே. காமிக் புத்தகச் சேகரிப்பில் சீர்செய்த பிரதிகளுக்கு ஊதா நிற முத்திரைத்தாள் போட்டுத் தனியே விற்கிறார்கள். வாங்குபவருக்குத் தெரிகிறது, விலையும் அதற்கேற்ப இறங்குகிறது. அட்டைகளில் மட்டும் ஏன் இந்த மௌனம்? வேலையை நான் குறை சொல்லவில்லை. அதை மறைத்துத் தீண்டப்படாத அட்டையின் விலையைக் கேட்பதைத்தான் சொல்கிறேன்.

அச்சுமனை:

அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கும் உங்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

கறுப்புக்கரை:

விளையாட்டு வீரர் அட்டைகளை மட்டும் பேசுகிறீர்கள். ஆட்ட அட்டைகளிலும் இதே கதை உண்டு. மேஜிக் என்ற அட்டை ஆட்டத்தின் முதல் இரு அச்சுகளான ஆல்ஃபா, பீட்டா இரண்டும் 1993இல் வந்தவை. முகப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஆல்ஃபாவின் மூலைகள் மட்டும் கூடுதலாக வளைந்தவை. ஆல்ஃபாவின் எண்ணிக்கை குறைவு, விலை அதிகம் என்பதால், பீட்டா அட்டையின் மூலையை மேலும் வளைத்து வெட்டி ஆல்ஃபா என்று விற்க முயல்பவர்கள் உண்டு. அச்சகத்தின் அச்சுவெட்டில் நான்கு மூலைகளின் வளைவும் ஒரே ஆரத்தில் இருக்கும். கைவேலையில் மூலைக்கு மூலை மாறும், வளைவு நேர்கோட்டைச் சந்திக்கும் இடத்தில் சிறு கோணமும் தெரியும்.

இதைவிடத் துணிச்சலான வேலை ஒன்று இருக்கிறது. அதே ஆண்டின் இறுதியில் சேகரிப்பாளர் பதிப்பு என்ற பெயரில் சதுர மூலைகளுடன் வெளியான தொகுதியில் முகப்பு பீட்டாவைப் போலவே கறுப்புக் கரை கொண்டது. பின்பக்கத்தில் மட்டும் பொன்னிறக் கரையும் அடையாள எழுத்தும் இருக்கும். அந்த அட்டையை இரு தாள்களாகப் பிளந்து, முகப்பை எடுத்து, ஏதாவது சாதாரண அட்டையின் பின்தாளோடு ஒட்டி, மூலையை வளைத்துவிட்டால் விலையுயர்ந்த அட்டை ஒன்று உருவாகிவிடும். இங்கே ஓரத்தைப் பக்கவாட்டில் பார்ப்பதே முதல் சோதனை: ஒட்டுக்கோடு, பசையின் மினுமினுப்பு, கூடிய தடிமன் ஆகியவை தெரியும். நுண்தராசில் எடையை உண்மையான சாதாரண அட்டையோடு ஒப்பிடுங்கள். பின்னால் டார்ச்சை வைத்து ஒளி ஊடுருவும் விதத்தையும் ஒப்பிடுங்கள். நடுவில் பசைப் படலம் இருந்தால் ஒளி மங்கும். அட்டையை வளைத்துப் பார்க்கும் சோதனையையும் கிழித்துப் பார்க்கும் சோதனையையும் பரிந்துரைப்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். உண்மையான அட்டையாக இருந்தால் இழப்பு உங்களுடையது.

பழையசான்று:

பொருளைப் பார்ப்பதோடு வரலாற்றையும் பாருங்கள். விலையுயர்ந்த அட்டைகள் பல ஏலங்களில் படத்தோடு வெளிவந்தவை. ஒவ்வொரு அட்டையிலும் கைரேகைபோலச் சில அடையாளங்கள் உண்டு: அச்சில் விழுந்த மைப்புள்ளி, தாளில் சிக்கிய நார், கரையின் அகல வேறுபாடு. திருத்துபவர் மூலையைத் தொடுவார், மடிப்பை அமுக்குவார்; நடுவில் உள்ள அச்சுப்புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார். 2019இல் இணையத்தில் கூடிய சேகரிப்பாளர்கள் இந்த வழியில்தான் பழைய ஏலப் படங்களையும் புதிய உறைகளில் வந்த படங்களையும் அருகருகே வைத்து, முன்பு குறைந்த தரத்தில் இருந்த அதே அட்டை ஓரம் குறைந்தும் கறை நீங்கியும் உயர்ந்த தரத்தில் திரும்பி வந்திருப்பதை வரிசையாக வெளிக்கொணர்ந்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு விசாரிப்பதாக அதே ஆண்டு வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. அவர்கள் ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள் அல்லர். பொறுமையும் படத்தொகுப்பும் மட்டும் வைத்திருந்தவர்கள்.

உங்கள் அட்டையின் முகப்பில் மைப்புள்ளியோ கீறலோ ஏதேனும் இருந்தால் குறித்துக்கொண்டு, அந்த ஆட்டக்காரரின் அதே அட்டை விற்ற பழைய பதிவுகளின் படங்களில் தேடிப் பாருங்கள்.

மஞ்சள்தாள்:

தேடினேன். ஆட்டக்காரரின் தொப்பிக்கு இடப்புறம் ஒரு மைப்புள்ளி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முந்தைய விற்பனைப் படம் ஒன்றில் அதே புள்ளி, அதே இடத்தில், அதே வடிவில் இருக்கிறது. வேறு பிரதிகளின் படங்களில் அந்தப் புள்ளி இல்லை. அந்தப் படத்தில் வலக் கரை இப்போதிருப்பதைவிட அகலமாகத் தெரிகிறது; வலப்புற மூலைகள் இரண்டும் மழுங்கியிருக்கின்றன. இடக் கரைக்கும் வலக் கரைக்கும் உள்ள விகிதத்தை இரு படங்களிலும் கணக்கிட்டேன், ஒத்துவரவில்லை. இடப்புற மூலைகள் அந்தப் படத்திலேயே கூர்மையாகத்தான் இருக்கின்றன.

அளவுகோல்:

படங்களை ஒப்பிடும்போது ஸ்கேன் செய்த கோணமும் உறையின் விளிம்பு மறைப்பதும் கணக்கைக் குழப்பலாம். ஆனால் நீங்கள் அட்டைக்குள்ளேயே விகிதத்தை எடுத்திருப்பதால் அந்தக் குழப்பம் பெரிதும் நீங்கிவிடுகிறது. அகலம் கீழ்நோக்கிக் குறைவது, வலது வெட்டுமுகம் வெளுத்திருப்பது, மூலை மழுங்கலிலிருந்து கூர்மைக்கு மாறியிருப்பது ஆகிய மூன்றும் ஒரே ஓரத்தைச் சுட்டுகின்றன. வலது ஓரம் வெட்டப்பட்டது என்றே நான் எழுதுவேன்.

ஐயவாதி:

நானும் அப்படியே. பின்பக்க வட்டத்தைத் தனிச்செய்தியாக வைத்துக்கொள்ளுங்கள். அது வெட்டுக்கு முந்தையதாகவும் இருக்கலாம்.

மஞ்சள்தாள்:

விற்பவருக்கு இரு படங்களையும் அளவுகளையும் அனுப்பினேன். வெட்டப்பட்டதை அறியாமல்தான் தாமும் வாங்கியதாகச் சொல்லி, வெட்டப்பட்ட அட்டைக்குரிய விலைக்கே தர முன்வந்திருக்கிறார். எனக்கு அந்த ஆட்டக்காரரின் அட்டை ஒன்று வேண்டும் என்பதால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். தரமதிப்பீட்டுக்கு அனுப்பினால் என்ன சொல்வார்கள்? பின்னாளில் நான் விற்க நேர்ந்தால் எப்படி எழுதுவது?

பழையசான்று:

பி.எஸ்.ஏ. நிறுவனத்துக்கு அனுப்பினால் எண் தரம் கிடைக்காது. வெட்டுக்கு என்1, சீரமைப்புக்கு என்2, நிறம் பூசுதலுக்கு என்3, குறைந்தபட்ச அளவுக்கும் குறைவானதற்கு என்6, துப்புரவு செய்ததற்கு என்7 என்று அவர்கள் குறியீடு வைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டால், அட்டை உண்மையானது, ஆனால் மாற்றப்பட்டது என்ற குறிப்போடு உறையிலிட்டுத் தருவார்கள். அதையே நான் பரிந்துரைக்கிறேன். அட்டை இன்னொருவர் கைக்குப் போகும்போது வெட்டுச் செய்தியும் கூடவே போகும்.

விற்கும்போது விளம்பரத்தின் முதல் வரியிலேயே "வலது ஓரம் வெட்டப்பட்டது, பின்பக்கத்தில் பசை நீக்கிய தடம் உள்ளது" என்று எழுதுங்கள். அகலத்தின் மூன்று அளவுகளையும், ஓரத்தின் பக்கவாட்டுப் படத்தையும், நீங்கள் கண்டெடுத்த பழைய படத்தையும் சேர்த்துப் போடுங்கள். வாங்குபவர் உறையை உடைத்து எடுத்துவிட்டாலும், அந்த மைப்புள்ளியைத் தேடி வரும் அடுத்தவருக்கு உங்கள் பதிவு கிடைக்கும்.